துடைக்கப்படாத பின்னணி

நான் போய்வரும் படக்கலைக் குழுவின் மாதக் கூட்டத்தில் பறவைப் படம் ஒன்று திரையில் ஏறியதும், பெரும்பாலும் முதல் பேச்சு பறவையைப் பற்றி எழுவதில்லை. கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று ஒருவர் பெரிதாக்கிப் பார்ப்பார். அதில் தேறிவிட்டால் அடுத்த சோதனை பின்னணி. "படம் ஷார்ப்பா இருக்கு சார், ஆனா பேக்ரவுண்டு ரொம்ப பிஸி" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அதற்கு மேல் முறையீடு கிடையாது. அடுத்த படம் வந்துவிடும். அந்தப் பறவை அரிதானதா, அது அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது, படமெடுத்தவர் எந்தச் சேற்றில் எத்தனை நேரம் கிடந்தார் என்பவையெல்லாம் அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பிறகு விவாதத்துக்கு வருவதேயில்லை. தீர்ப்புச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர்களில் சிலரிடமிருந்துதான் நான் ஒளியைப் பார்க்கவே கற்றுக்கொண்டேன். ஆனாலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் நெடுநாளாக எனக்குச் செரிக்கவில்லை.

இன்று பறவைப் படம் என்றாலே நம் மனத்தில் எழும் வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு காய்ந்த குச்சி, அதன் மேல் ஒரு பறவை, அதற்குப் பின்னால் பச்சையோ பழுப்போ வெண்ணெயாகக் குழைந்து கிடக்கும் ஒரு நிறப்பரப்பு. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தி எடுத்த படங்களைப் போல, எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்த மரத்தருகே எடுத்தது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இருக்காது. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு பஞ்சுருட்டான் தொங்குகிறது. அந்த அழகு ஒன்றே அளவுகோலாகி, மற்ற எல்லாப் படங்களையும் குறைப்பட்டவையாக ஆக்கிவிட்டதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது.

வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது

இந்த நிறப்பரப்பு லென்ஸின் கணக்கிலிருந்து வருவது. 500 மி.மீ. லென்ஸை எஃப் 5.6 துளையில் (எஃப் எண் கூடக் கூட ஒளி புகும் துளை சிறுக்கும்) வைத்து, முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையைக் குறிவைத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ. மட்டுமே. பறவை 20 மீட்டர் தொலைவுக்குப் போய்விட்டால் அந்த ஆழம் நான்கு மடங்காகி அரை மீட்டரைத் தாண்டும். அந்த ஆழத்துக்கு வெளியே இருப்பது எவ்வளவு கரைகிறது என்பது, பறவைக்கும் நமக்கும் உள்ள தூரத்தையும், பறவைக்கும் அதன் பின்னால் உள்ள புதருக்கும் இடையிலான தூரத்தையும் பொறுத்தது. பின்னால் முப்பது மீட்டர் வெட்டவெளி கிடந்தால், அப்பாலுள்ள மரக்கூட்டம் வெறும் நிறமாகிவிடும். புதர் ஒரு முழத்தில் இருந்தாலோ, அது கரையவும் செய்யாது, தெளியவும் செய்யாது. ஒவ்வொரு சுள்ளியும் இரட்டைக் கோடாகப் பிரிந்து, பறவையைச் சுற்றி ஒரு நடுக்கத்தை உண்டாக்கும். விலை குறைந்த ஜூம் லென்ஸ்களில் இந்த இரட்டைக் கோடு கண்ணை மிகவும் உறுத்தும். கூட்டத்தில் "பிஸி" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த அரைகுறைக் கலக்கம்தான், அந்த அளவில் அந்தத் தீர்ப்பு நியாயமானதும்கூட.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு பின்விளைவு உண்டு. வழுவழுப்பான பின்னணி வேண்டுமென்றால், பறவை திறந்தவெளியின் ஓரத்தில், தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளையில் வந்து உட்கார வேண்டும். அப்படி உட்காரும் வழக்கமுள்ள பறவைகள் நம் நாட்டில் நிறையவே இருக்கின்றன. பஞ்சுருட்டான், கரிச்சான், பனங்காடை, கீச்சான், வெண்மார்பு மீன்கொத்தி ஆகியவை எல்லாம் உயரமான இடத்தில் அமர்ந்து இரையை நோட்டமிட்டுப் பாய்ந்து பிடிப்பவை. குச்சி அவற்றின் தொழிற்கருவி. செம்போத்து அப்படி உட்காருவதில்லை. பச்சைவாயன் முள்புதருக்குள் ஒரு எலியைப் போல ஊர்ந்து மறைகிறது. கானாங்கோழி கோரைக்குள்ளும், தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகுக்குள்ளும், தையல்சிட்டு இலைகளின் அடியிலும் திரிகின்றன. வடக்கிலிருந்து குளிர்காலத்தில் இறங்கிவரும் ஆறுமணிக்குருவி, சென்னையின் நடுவே கிண்டியில்கூட, புதரடிச் சருகைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டிருக்கும். இவற்றை எடுத்த படங்கள் மாதக் கூட்டத்தில் தோற்கத்தான் செய்யும். ஒரு குழுவின் ஆண்டு மலரைப் புரட்டிப் பார்த்தால், தமிழ்நாட்டில் குச்சியில் உட்காரும் பறவைகள் மட்டுமே வாழ்கின்றன என்று வெளியூர்க்காரர் ஒருவர் முடிவுகட்டிவிடலாம். ரசனை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, எந்தப் பறவையைக் காணத்தகுந்ததாகக் கருதுவது என்பதையும் சேர்த்தே முடிவுசெய்து வந்திருக்கிறது.

சம்புக்குள் நின்ற குருகு

இந்த எண்ணம் எனக்குள் வெறும் முணுமுணுப்பாகவே இருந்தது. அதற்கு ஒரு பிடி கிடைத்தது சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எடுத்த ஒரு படத்தால். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் இருநூறடிச் சாலை சதுப்பு நிலத்தைக் குறுக்காகக் கடக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அதன் ஓரத்தில் நின்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். ஒரு மாலையில் நானும் அங்கே நின்று, திறந்த நீரில் மேய்ந்துகொண்டிருந்த நீலத் தாழைக்கோழிகளைக் குறிவைத்திருந்தேன். பக்கத்திலிருந்த சம்பு என்ற உயரமான நீர்ப்புல்லின் கூட்டத்துக்குள் ஏதோ அசைந்து நின்றது. லென்ஸைத் திருப்பினேன், கேமரா முன்னாலிருந்த தட்டைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக மறுத்தது. தானியங்கிக் குவியத்தை (ஆட்டோஃபோகஸை) விட்டுவிட்டு, கையால் வளையத்தைத் திருப்பி, ஏதோ மஞ்சளாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திச் சில படங்கள் எடுத்தேன். அங்கே நிற்கும்போது அது கொக்கு இனத்தைச் சேர்ந்த மஞ்சள் குருகு என்று மட்டும் தெரிந்தது. சற்று நேரத்தில் அது பறந்து, தண்ணீர் ஓரத்தில் வெட்டவெளியாக இருந்த ஒரு மேட்டில் இறங்கிக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. அதையும் எடுத்தேன். பின்னால் நல்ல தூரத்துக்கு வெறும் நீர்தான். மாலை வெளிச்சத்தில் அது தங்கத் தகடாகக் கரைந்திருந்தது. எந்தப் படம் கூட்டத்துக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, அன்றைய பறவைப் பட்டியலை, பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றுவதற்காகச் சம்புப் படங்களையும் திறந்தேன். திரை முழுக்கச் செங்குத்தான கோடுகள். பறவை எங்கே நிற்கிறது என்பது எடுத்தவனான எனக்கே உடனே பிடிபடவில்லை. மெதுவாகப் பார்க்கப் பார்க்க, கோடுகளில் சில தண்டுகள் அல்ல, கழுத்தின் முன்புறத்து வரிகள் என்று தெரிந்தது. குருகு தன் உடலை ஒடுக்கி, கழுத்தை முழுவதும் நீட்டி, அலகை வானத்தை நோக்கி உயர்த்தி நின்றிருந்தது. மங்கிய மஞ்சளும் பழுப்புமான அதன் கழுத்து வரிகள், காய்ந்த சம்புத் தாள்கள் ஓடும் அதே திசையில், ஏறத்தாழ அதே அகலத்தில் ஓடின. கடைசியாகக் கண்ணைக் கண்டேன். அலகு மேலே பார்த்திருந்தும் கண் என்னைப் பார்த்திருந்தது. குருகு இனங்களுக்குக் கண்கள் சற்றுக் கீழிறங்கி அமைந்திருப்பதால், அலகை நிமிர்த்தி நிற்கும்போதும் அவற்றால் அலகின் அடிவழியாக எதிரே வருபவரைக் கவனிக்க முடியும்.

அந்தக் கண்ணில் நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நிலை எனக்காக எடுக்கப்பட்டது. சாலையோரத்தில் நிற்கும் ஓர் ஆபத்துக்கு எதிராக அந்தப் பறவை செய்துகொண்டிருந்த செயல் அது. அந்தச் செயலைச் செய்ய அதற்குச் சம்பு தேவைப்பட்டது. அந்தப் படத்தின் பின்னணியை மனத்தால் துடைத்துப் பார்த்தேன். தங்கத் தகட்டுக்கு முன்னால், அலகை வானத்துக்கு நீட்டிக்கொண்டு காரணமில்லாமல் விறைத்து நிற்கும் ஒரு கேலிக்குரிய பறவைதான் மிஞ்சியது. கழுத்தில் வரி எதற்கு, உடல் ஏன் இவ்வளவு ஒல்லியாக ஒடுங்குகிறது, நிறம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தக் "கூட்டமான" பின்னணியில் இருந்தது. குருகின் உடல் சம்புக் காட்டோடு கொண்ட உறவால் உருவானது என்றால், சம்பை நீக்குவது அந்த உடலின் பாதியை நீக்குவதாகும்.

தங்கத் தகட்டுப் படமும் பொய் இல்லை. குருகின் வடிவத்தையும் இறகின் அடுக்கையும் காலின் நிறத்தையும் அதில்தான் நன்றாகப் பார்க்கலாம். கையேட்டில் போடுவதற்கு அதுவே ஏற்றது. ஆனால் அதில் குருகு எதையும் செய்யவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. பார்ப்பவருக்குப் பறவையே தெரியாவிட்டால் அது என்ன படம்? "மறைந்திருப்பதுதான் செய்தி" என்று சொல்லி, எந்தக் குப்பைப் படத்தையும் நியாயப்படுத்திவிடலாமே? குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார், கேட்டது சரிதான். அதற்கு விடை தேடித்தான் நான் எனக்கென்று ஒரு சோதனையை வைத்துக்கொண்டேன். பின்னணியிலுள்ள அந்தக் குறிப்பிட்ட பொருளை எடுத்துவிட்டால், பறவை செய்துகொண்டிருக்கும் செயலின் பொருள் மாறுகிறதா? மாறினால் அது படத்துக்குள் இருக்க வேண்டியது. மாறாவிட்டால் அது இரைச்சல்.

மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பஞ்சுருட்டானுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இன்னொரு கம்பி இரைச்சல்தான்; இரண்டு அடி தள்ளி நின்றிருக்கலாம். பனை மட்டையின் நுனியில் கூடு பின்னும் தூக்கணாங்குருவிக்குப் பின்னால் நெரியும் ஓலைகள் அப்படியல்ல. கூட்டைத் தாங்குவது அந்த ஓலை. நார் கிழிப்பதும் பல நேரம் அதிலிருந்தே. சரளைக் கற்களுக்கு நடுவே அடைகாக்கும் ஆட்காட்டியின் முட்டைகள் கல்லைப் போலவே புள்ளியிட்டிருக்கின்றன, கற்கள் இல்லாமல் அந்த முட்டைக்கு விளக்கம் இல்லை. பகலில் சருகின் மேல் கண்ணை மூடிப் படுத்திருக்கும் இரவுப் பறவையான பக்கியை எடுத்துக்கொண்டால், படம் முழுவதும் பின்னணிதான். பறவை அதில் ஒரு பகுதி.

கத்தரிக்கோலும் சட்டமும்

தூய பின்னணியின் மீதான ஆசை வெறும் ரசனையாக நின்றுவிட்டால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது களத்துக்குள் இறங்கிக் கிளைகளை வெட்டுகிறது. கூட்டுக்கு முன்னாலுள்ள இலைகளைக் கிள்ளுவதும், மறைக்கும் சுள்ளியை ஒடிப்பதும், சில இடங்களில் கிளையையே கயிற்றால் இழுத்துக் கட்டுவதும் பறவைப் படமெடுக்கும் வட்டங்களில் எல்லோரும் அறிந்தவை. பேசுவது மட்டும் குறைவு. இலை போன இடத்தின் வழியே நண்பகல் வெயில் நேராகக் குஞ்சுகளின் மேல் விழுகிறது. காக்கைக்கும் வல்லூறுக்கும் கூடு திறந்து கிடக்கிறது. படமெடுத்தவர் வீட்டுக்குப் போன பிறகு நடப்பவை இவை என்பதால், அவர் படத்தில் எதுவும் தெரியாது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் "வேட்டை" என்பதை வரையறுக்கும்போது, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. துப்பாக்கி தூக்குபவரைப் பற்றித்தான் அந்தச் சட்டம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு போகிறவர்கள் அதை ஒரு முறை படிப்பது நல்லது.

போட்டி விதிகளிலும் ஒரு விந்தை இருக்கிறது. படக்கலை அமைப்புகளான அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., பன்னாட்டு எஃப்.ஐ.ஏ.பி., பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் ஒத்துக்கொண்ட இயற்கைப் பட வரையறையின்படி, ஓரம் வெட்டுவதைத் தவிர, படத்திலுள்ள எந்தப் பொருளையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, நீக்கவோ கூடாது. கணினியில் ஒரு சுள்ளியை அழித்தால் படம் தகுதியிழக்கும். அதே சுள்ளியைக் காட்டில் ஒடித்துவிட்டு எடுத்தால், கோப்பைச் சோதிக்கும் நடுவரால் கண்டுபிடிக்கவே முடியாது. உயிரினத்தின் நலமே முதன்மை என்று அதே வரையறை சொல்லத்தான் செய்கிறது. ஆனால் நலத்தைச் சோதிக்கும் கருவி எதுவும் நடுவரின் மேசையில் இல்லை. இதற்கு நடுவே, 2023இல் படத்தைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் பின்னணியைச் செயற்கையாகக் கரைக்கும் வசதியும் வந்துவிட்டது. ஒரு சொடுக்கில் சம்புக்காடு வெண்ணெயாகிவிடும். காட்டில் கிளை தப்பிக்கிறது என்ற அளவில் இதை நான் வரவேற்க வேண்டுமோ என்றுகூடச் சில நேரம் யோசித்ததுண்டு.

நெரிசலுக்குள் காட்டுவது எப்படி

கரைப்பதை விட்டுவிட்டால், பறவையைப் பிரித்துக் காட்ட வேறு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது, ஆனால் அதற்கு லென்ஸின் விலை உதவாது. முதலில் கால்களைச் சொல்ல வேண்டும். பறவை 10 மீட்டரிலும், சுள்ளிக் கூட்டம் 20 மீட்டரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால், பறவையின் பின்னால் அந்தக் கூட்டமும் ஓரடி நகரும். 500 மி.மீ. லென்ஸின் பார்வை அந்தத் தொலைவில் ஐந்தடி அகலம்கூட இல்லை என்பதால், ஓரடி என்பது சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தலைக்கு நேர் பின்னால் கிடந்த வெள்ளைக் கிளை தோளுக்கு அப்பால் போய்விடும். தலை ஒரு நிழல் இடைவெளிக்கு முன்னால் வந்து நிற்கும். பறவை முழுவதற்கும் வெற்றிடம் வேண்டியதில்லை. தலைக்கும் அலகுக்கும் கிடைத்தால் போதும், உடல் புதரோடு கலந்திருக்கட்டும். முகம் கிடைத்துவிட்டால் பார்ப்பவரின் கண் மீதியைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஒளி. பறவை மேல் வெயிலும் பின்னாலுள்ள புதர் மேல் நிழலும் விழும் நேரம், காட்டோரங்களில் காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் கிடைக்கும். அப்போது வெளிப்பாட்டை (எக்ஸ்போஷரை) குறைத்துப் பறவைக்கு மட்டும் சரியாக வைத்தால், புதர் அழியாமல் அடங்கிவிடும். முள்ளும் இலையும் தெரியும், ஆனால் பேசாது. மார்கழி, தை மாதங்களின் பனிமூட்டத்தில் ஏரிக்கரைகள் தாமாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். முன்னால் நிற்கும் கொக்கு கருமையாகவும், பின்னாலுள்ள கருவேல மரங்கள் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு படி வெளுத்தும் தெரியும். வேடந்தாங்கலிலோ கரிக்கிலியிலோ, மரத்துக்கு மரம் நெருங்கிக் கூடு கட்டியிருக்கும் நத்தைக்குத்தி நாரைகளையும் கூழைக்கடாக்களையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முயல்வதே வீண் வேலை என்பது என் எண்ணம். அங்கே நெரிசல்தான் செய்தி. எந்தக் கிளையும் காலியில்லை என்பதைக் காட்டத் துளையைச் சுருக்கி எஃப் 11க்குப் போய், ஒரு மரத்தை முழுதாகக் கூர்மையாக எடுத்தால், அந்த மரம் ஒரு குடியிருப்பாகத் தெரியும்.

காற்று இன்னொரு துணை. வெண்கொக்கு மீனுக்காக அசையாமல் நிற்கும்போது சுற்றிலுமுள்ள கோரை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். முக்காலியில் கேமராவைப் பூட்டி, ஷட்டரை நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கினால், கொக்கு கூர்மையாகவும் கோரை தூரிகைத் தீற்றலாகவும் விழும். பல படங்கள் வீணாகும், விழுந்த ஒன்று நன்றாக இருக்கும். குருகிடம் இது அவ்வளவாகச் செல்லாது; தாள்கள் அசையும்போது அதுவும் கூடச் சேர்ந்து அசையக்கூடிய கள்ளன்.

தானியங்கிக் குவியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி 2020க்குப் பிறகு வந்த மிரர்லெஸ் கேமராக்களில் பரவலாகிவிட்டது. வானத்தில் பறப்பதைப் பிடிக்க அது பெரிய வரம். புதருக்குள் அது தடுமாறும். முன்னால் குறுக்கிடும் மாறுபாடு மிகுந்த ஒரு சுள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது இலை இடுக்கில் மினுக்கும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்ணென்று நம்பிவிடும். ஆகவே நான் புதர்ப் பறவைகளுக்கு ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு, கடைசி நூலிழையைக் கையால் திருப்புகிறேன். இளையவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் கருவி எளிதாகப் பிடிக்கும் பறவைகளையே நாம் மேலும் மேலும் எடுத்துக்கொண்டிருந்தால், குச்சிப் பறவைகளின் ஆட்சி இன்னும் பலப்படும்.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களையே தம் ஊடகமாக வைத்திருந்தார். அவருடைய காட்டுப் படங்களில் விலங்கு நிற்கும் புல்லும் மரமும் விலங்கைப் போலவே கவனத்தோடு வந்திருக்கும். வண்ணம் துணைக்கு வராத இடத்தில், ஒளியும் நிழலும் மட்டுமே உயிரைச் செடியிலிருந்து பிரித்தாக வேண்டும்; அந்தக் கட்டாயம் கண்ணை வளர்க்கிறது என்று நினைக்கிறேன். நானும் சம்புப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் போன பிறகு வரிகளின் ஒற்றுமை இன்னும் துலக்கமாயிற்று. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பச்சைக்குள் கனலும் மின்சிட்டு ஆணின் செம்மஞ்சள், கறுப்பு வெள்ளையில் இலையின் அதே சாம்பலில் மூழ்கிவிடும். அந்தப் பறவையை நெரிசலிலிருந்து மீட்பதே அதன் நிறம்தான்.

பின்னால் நிற்கும் கட்டடங்கள்

இதுவரை சொன்னது இலையும் முள்ளும் நிறைந்த பின்னணியைப் பற்றி. பள்ளிக்கரணையில் நிற்பவருக்கு வேறொரு பின்னணியும் இருக்கிறது. மாலை வெயில் மேற்கிலிருந்து பறவையின் மேல் நேராக விழும்போது, லென்ஸ் கிழக்கே பார்க்கிறது. அங்கே ஓ.எம்.ஆர். என்ற பழைய மாமல்லபுரம் சாலை வரிசையின் கண்ணாடிக் கட்டடங்கள் அதே வெயிலில் பறவையைவிட அதிகமாக மின்னும். பக்கத்தில் உயர்மின் கோபுரங்கள், இன்னொரு புறம் பெருங்குடிக் குப்பை மேடு. பூநாரைகள் வந்திறங்கும் பருவங்களில் எத்தனையோ கேமராக்கள் வரிசையில் நிற்கும், எல்லாக் கேமராக்களும் இவற்றைத் தவிர்க்கவே வளைந்து நெளியும். வரும் படங்களில் பூநாரைகள் ஏதோ ஆப்பிரிக்க ஏரியில் நிற்பதைப் போலத் தெரியும்.

2022 ஜூலையில் பள்ளிக்கரணை, கரிக்கிலி, பிச்சாவரம் மூன்றும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்து படங்களைப் பகிர்ந்துகொண்டோம். பகிரப்பட்டவற்றில் என் கண்ணில் பட்ட எதிலும் ஒரு கட்டடம்கூட இல்லை. சுற்றிலும் எவ்வளவு நெருக்கமாக நகரம் வந்து நிற்கிறது என்பதை அறியாத ஒருவர், அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இந்தச் சதுப்பு நிலத்துக்கு ஆபத்து இருப்பதாக ஏன் நம்ப வேண்டும்? என் சோதனையை இங்கேயும் வைத்துப் பார்க்கிறேன். கட்டடத்தை எடுத்துவிட்டால் பூநாரை செய்யும் செயலின் பொருள் மாறுகிறதா? அது சேற்றை வடிகட்டித் தின்கிறது. அதற்குக் கண்ணாடிச் சுவர் தேவையில்லை. ஆனால் அது எங்கே தின்கிறது, எஞ்சியிருக்கும் எவ்வளவு சிறிய இடத்தில் தின்கிறது என்பது கட்டடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சோதனை இங்கே எனக்குத் தெளிவான விடை தரவில்லை. அதனால் இரண்டு விதமாகவும் எடுக்கிறேன், கட்டடம் உள்ள படத்தைப் பெயரும் இடமும் குறித்து முதலில் வெளியிடுகிறேன். பார்ப்பவர்களில் சிலர் இன்னும் "ஃபிரேமை டைட் பண்ணியிருக்கலாமே அண்ணா" என்று எழுதுகிறார்கள்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டுதோறும் நிகழும் வனவுயிர்ப் படப் போட்டியில், தம் சூழலில் இருக்கும் விலங்குகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பறவைகளுக்கு மட்டுமான பன்னாட்டுப் போட்டியிலும் சூழலோடு கூடிய பறவைக்குத் தனி இடம் உண்டு. அங்கெல்லாம் வாழிடம் குறையாக எண்ணப்படுவதில்லை. நம் குழுவிலும் அப்படி ஒரு பிரிவு வைக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். வைத்தால் பிஸியான படங்களுக்கெல்லாம் அது புகலிடமாகிவிடும் என்று சொன்னார்கள். அந்த அச்சம் முழுவதும் தவறும் இல்லை. செம்போத்து, குருகு, பக்கி, ஆறுமணிக்குருவி நான்கையும் அவை வாழும் இடத்திலேயே வைத்து எடுத்த படங்களை அடுத்த கூட்டத்தில் காட்டப்போகிறேன். ஒவ்வொன்றிலும் எந்தச் சுள்ளி இருக்க வேண்டியது, எது இரைச்சல் என்று அவர்களே பார்த்துப் பிரித்துச் சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறேன். குருகுப் படத்தில் மட்டும் வலது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. அதை வெட்டுவதா வேண்டாமா என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை.